பிபிசி மைக்ரோ வந்தது, அதோட டிவி நிகழ்ச்சி வரவே இல்லை

பழைய கம்ப்யூட்டர், மரக்கதவு வைத்த சாலிடேர் டிவி, மொட்டைமாடி ஆன்டெனா என்று படம் போட்டு "அது ஒரு காலம்" என்று எழுதுகிற பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. நானும் லைக் போடுகிற ஆள்தான். ஆனால் அப்போ நமக்கு எது கிடைத்தது, எது கிடைக்காமலே போச்சு என்று யாரும் எழுதக் காணோம். அதனால்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கு எண்பதுகளின் கடைசியில் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க 1984ல் மத்திய அரசு ஆரம்பித்த 'கிளாஸ்' திட்டத்தில் முதலில் 250 பள்ளிகளுக்குக் கொடுத்தார்களே, அதே மிஷின். பள்ளியிலேயே ஏசி போட்ட ஒரே அறை அதுதான், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையாகத்தான் உள்ளே போகணும், ஒரு மிஷினுக்கு மூணு பேர். சுவிட்சைப் போட்டதும் ரெண்டு சுருதியில் ஒரு பீப் சத்தம், 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று ஒரு வரி, 'பேசிக்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி, பக்கத்தில் சிமிட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். நாம் ஏதாவது அடித்தால்தான் அது ஏதாவது செய்யும்.

பேசிக் என்ற புரோகிராம் மொழியில், 10 என்று எண் போட்ட வரியில் நம்ம பெயரை எழுதச் சொல்லி, 20 என்று எண் போட்ட வரியில் மறுபடி பத்துக்கே போகச் சொன்னால் பெயர் ஒன்றின்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருந்தவன் "ஏலே, கடைசியில ஒரு செமிகோலன் போட்டுப் பாருலே" என்றான். போட்டேன். பெயர்கள் ஒட்டிக்கொண்டு, திரை முழுக்கச் சாய்வாகப் படி இறங்க ஆரம்பித்தன. ஏன் சாயுது? ஒரு வரிக்கு 40 எழுத்து, இங்கிலீஷில் என் பெயர் 7 எழுத்து, வகுத்தால் மீதி 5. வகுத்தலில் வரும் மீதிக்கு உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கணக்கு வாத்தியார் அதைச் சொல்லவே இல்லை என்று அர்த்தமில்லை, நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்த மிஷின் பிறந்ததே ஒரு டிவி நிகழ்ச்சிக்காக. சாதாரண ஜனங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க 1982ல் பிபிசி ஒரு தொடர் போட்டது, அதைப் பார்த்துக்கொண்டே வீட்டில் செய்துபார்க்க ஏகார்ன் என்ற கேம்பிரிட்ஜ் கம்பெனி செய்த மிஷின் இது. (இந்த மிஷினை வடிவமைத்தவர்களில் இருந்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் அதே கம்பெனியில் 1985ல் உருவாக்கிய ஏஆர்எம் சில்லின் வாரிசுதான் இப்போ நம்ம எல்லார் போனிலும் ஓடுகிறது.) அங்கே டிவியும் மிஷினும் ஜோடியாகப் போனது. நமக்கு மிஷின் மட்டும் வந்தது.

டிவி கதை தனி. எங்க பக்கம் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால் இலங்கை ரூபவாஹினி பளிச்சென்று வரும், நம்ம தூர்தர்ஷன்தான் புள்ளி புள்ளியாக வரும். அந்தப் புள்ளிக்கு நடுவே 1984 ஆகஸ்டில் ஆரம்பித்த, யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் மதிய நேரப் பாடம். கல்லூரிப் பிள்ளைகளுக்கானது, முழுக்க இங்கிலீஷ். பாதி புரியாது, ஆனாலும் லீவு நாளில் உட்கார்ந்து பார்ப்பேன், ஆச்சி "என்னலே சொல்லுதான் அவன்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. அப்புறம் தொண்ணூறுகளில் 'டர்னிங் பாயின்ட்' என்ற அறிவியல் நிகழ்ச்சி. அதில் விஞ்ஞானி யஷ்பால் வருவார், பிள்ளைகள் எழுதி அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொல்லுவார். 1975ல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2400 கிராமங்களுக்கு டிவி கொண்டுபோன சைட் சோதனையில் முன்நின்ற மனுஷர். அந்த ஆறு மாநிலத்தில் தமிழ்நாடு கிடையாது. அவ்வளவு பெரிய ஆள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் கேள்வியை, இது சிலபஸில் இருக்கா என்று பார்க்காமல், கண் மின்ன யோசித்துப் பதில் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். ஒரே குறை, அது தமிழில் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு பிள்ளைக்கு ரெண்டும் வேணும். என்ன செய்யப்போறே என்று கேட்கிற காலித் திரை ஒன்று, ஏன் இப்படி ஆச்சு என்று கேட்டால் அதன் மொழியில் பதில் சொல்ல ஒரு ஆள். நமக்கு ஒன்று ஏசி அறைக்குள்ளே பூட்டிக் கிடந்தது, இன்னொன்று இங்கிலீஷிலும் இந்தியிலும் வந்தது.

இப்போ ரெண்டும் நம்ம கையிலேயே இருக்கு. அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கு, 2019ல் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சி இருக்கு, ரெண்டும் ஒரே துறையின் கீழே, ரெண்டும் தமிழில். கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது அந்தச் சேனல் செய்த வேலையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் நான் போய்ப் பார்த்த ஒரு லேபில் பிள்ளைகள் சரியான விடையைத் தொட்டுவிட்டு எழுந்துபோகிறார்கள், அவ்வளவுதான் பயன். வாரத்தில் ஒரு பீரியட் தேர்வு இல்லாமல், மார்க் இல்லாமல், பிள்ளைகள் இஷ்டத்துக்கு எதையாவது அடித்துப் பார்க்க விடுங்க. டிவியில் வாரத்துக்கு அரைமணி நேரம் பிள்ளைகளின் கேள்விக்கு மட்டும் ஒதுக்குங்க, எழுதின பிள்ளையின் ஊர்ப் பெயரையும் சொல்லுங்க. களக்காட்டுப் பிள்ளையின் கேள்வி டிவியில் வந்தால் அடுத்த வாரம் நாங்குநேரியில் இருந்து நூறு கேள்வி வரும்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிற டீச்சர்கள், சார்மார்கள் யாராவது இதைப் படித்தால், உங்க லேபில் தலைமையாசிரியர் அனுமதி கிடைக்குமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்க. சனிக்கிழமைகளில் வந்து பிள்ளைகளோடு உட்கார நான் தயார். அந்த செமிகோலனில் இருந்தே ஆரம்பிக்கலாம்.