கொல்கத்தாவில் உண்டதும் குமரியில் ஒளித்து வைத்திருப்பதும்

கன்னியாகுமரியில் வளர்ந்த எவருக்கும் வங்காளிகள் புதியவர்கள் அல்லர். துர்கா பூஜை விடுமுறை தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக வந்திறங்கி, அதிகாலையில் சூரிய உதயம் பார்த்து, படகேறி விவேகானந்தர் பாறைக்குச் சென்று, சங்கும் சிப்பி மாலையும் பேரம் பேசி வாங்கித் திரும்பும் அவர்களைச் சிறு வயது முதலே பார்த்து வருகிறோம். ஹவுராவுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே வாரம் ஒருமுறை நேரடி ரயிலும் ஓடுகிறது. அந்த ரயிலில் அவர்கள் இங்கே வருகிற அளவுக்கு நாம் அங்கே போவதில்லை. கடந்த குளிர்காலத்தில் நான் போனேன். தங்கியது சில நாட்களே என்றாலும், அதற்குள் அந்த நகரத்தின் சாப்பாட்டிடமும் மனிதர்களிடமும் மனத்தை முழுமையாகப் பறிகொடுத்துவிட்டேன்.

கொல்கத்தா உணவு என்றதும் பலர் ரசகுல்லாவையும் உருளைக்கிழங்கு போட்ட பிரியாணியையும் சொல்வார்கள். 1856-இல் அரசை இழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுருஸ் பகுதியில் வந்து தங்கிய அவத் நவாப் வாஜித் அலி ஷாவோடு அந்தப் பிரியாணி வந்ததாகச் சொல்கிறார்கள். அதுவும் நன்றாகவே இருந்தது. ஆனால் என்னை வசப்படுத்தியவை ‘பைஸ் ஹோட்டல்’ என்று அங்கே அழைக்கப்படும் பழைய சாப்பாட்டுக் கடைகள்தாம். படிப்புக்காகவும் வேலைக்காகவும் நகரத்துக்கு வந்தவர்கள் குறைந்த காசில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தவை அவை. வாழையிலை போட்டுப் பரிமாறும் அந்தக் கடைகளில் சோறு, பருப்பு, பொரியல், மீன் ஆகிய ஒவ்வொன்றுக்கும், சில இடங்களில் இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூட, தனித்தனிக் கணக்கு உண்டு. காலேஜ் ஸ்ட்ரீட்டின் புத்தகக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடையில், பருப்புச் சோற்றோடு மீனையும் சேர்த்துப் பிசையப் போன என்னைப் பரிமாறுபவர் கையமர்த்தி நிறுத்தினார். முதலில் பாகற்காய் சேர்ந்த கசப்பான சுக்தோ, பிறகு பருப்பு, அதன்பின் மீன், கடைசியில் இனிப்புச் சட்னி என்று விரலை மடக்கி விளக்கிவிட்டு, நான் அந்த முறைப்படி உண்கிறேனா என்று பார்த்துக்கொண்டே மற்ற மேசைகளைக் கவனித்தார். பருப்பில் தொடங்கி, பிரதமனைத் தாண்டி, மறுபடியும் ரசத்துக்கும் மோருக்கும் வரும் கல்யாணச் சாப்பாட்டு ஒழுங்கில் வளர்ந்த எனக்கு அந்தக் கண்டிப்பு மிகவும் பிடித்திருந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்தவர்கள் அலுவலக ஊழியர்களும் மாணவர்களுமே. அவர்கள் தினமும் உண்ணும் அதே கடுகு அரைத்த மீன்குழம்பைத்தான் எனக்கும் ஊற்றினார்கள்.

குளிர்காலத்தில் போனதால் கிடைத்த பெரிய பேறு, அங்கே ‘நொலேன் குர்’ என்று சொல்லப்படும் புது ஈச்சவெல்லம். ஷியூலிகள் எனப்படும் மரமேறிகள் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டி, இரவெல்லாம் சொட்டிய சாற்றை வெயில் ஏறிப் புளிப்பதற்குள் இறக்கிக் காய்ச்சுகிறார்கள். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே கிடைக்கும் அந்த வெல்லத்துக்காக ஒரு மாநகரமே காத்திருக்கிறது. சந்தேஷ், ரசகுல்லா, பாயசம் என்று எல்லாவற்றிலும் அது இடம்பெறுகிறது. இனிப்புக் கடைக்காரர்கள் அதன் வரவை எழுதி வைத்து அறிவிக்கிறார்கள். அந்தச் சந்தேஷை வாயில் போட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் நம் பனையேறிகள். இறக்கிய அக்கானியை, அதாவது பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் கருப்பட்டி நம்மிடம் இருக்கிறது. அதன் மணம் எதற்கும் குறைந்ததன்று. ஆனால் பனையேறுவோர் அருகிவரும் நிலையில், கருப்பட்டியில் செய்த ஒரு பலகாரத்தை இது எங்கள் ஊரின் பெருமை என்று வெளியூர்க்காரரின் தட்டில் வைக்கும் எத்தனை கடைகள் கன்னியாகுமரியில் இருக்கின்றன?

மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விவேகானந்தர் பிறந்த வீட்டைத் தேடி வடக்குக் கொல்கத்தாவில் நடந்தபோது, மண்குவளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் வழி கேட்டேன். கன்னியாகுமரி என்ற பெயரைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். 1892 டிசம்பரில் அந்தத் தெருவின் பிள்ளை வந்து தியானத்தில் அமர்ந்த பாறை என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்து, வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார். அரசியல், கால்பந்து, மீன் விலை என்று அவர் பேசாத பொருளே இல்லை. அவசரம் என்பதே அந்தப் பேச்சில் இல்லை. பிரியும்போது அவர் கேட்ட ஒரு கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது: “நான் உங்கள் ஊருக்கு வந்தபோது எங்கள் ஊர்ச் சாப்பாட்டையே போட்டார்கள். நீங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?”

அவர் கேட்டது நியாயம். முனையில் இறங்குகிற விருந்தாளிக்கு வங்காளச் சாப்பாடும் குஜராத்திச் சாப்பாடும் கிடைக்கின்றன. தீர்த்த யாத்திரை வரும் முதியவர்களுக்கு அது தேவை என்பதால் கடைக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும், தேங்காய் வறுத்தரைத்த தீயலும், மீன் புளிமுளமும், ரசவடையும், கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையும் அவர்கள் கண்ணிலேயே படுவதில்லை. அவற்றைத் தேடித் தக்கலைக்கோ மார்த்தாண்டத்துக்கோ குளச்சலுக்கோ வர வேண்டும் என்று சுற்றுலாப் பயணிக்கு யார் சொல்வது? மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். படகுக்காக வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் அதைத் தின்று பார்த்திருப்பார்கள்? வெளியூர்க்காரர்களுக்கு நம் உணவு ஒத்துக்கொள்ளாது என்ற வாதத்தை வங்காளிகள் விஷயத்தில் ஏற்கவே முடியாது. புழுங்கலரிசிச் சோறும் மீனும் அவர்களுக்கும் நமக்கும் அன்றாட உணவு. மீனில் முள் எடுக்கத் தெரிந்த கைகள் நம் சாளையைக் கண்டா தயங்கும்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் வீடுகளுக்குக் கான்கிரீட் போட வரும் தொழிலாளர்களில் வங்காளிகளும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து ‘இந்திக்காரப் பயல்கள்’ என்று ஒரே பெயரில் கூப்பிடுவதை, நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்ற அந்தப் பெரியவரைப் பார்த்த பிறகு என்னால் கேட்டுக்கொண்டிருக்க இயலவில்லை. அவர்களிடம் ஊர் எது, அங்கே என்ன மீன் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பெரியவர் அடுத்த பூஜை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வேளை என் வீட்டில் சாப்பாடு. மற்ற வேளைகளுக்கு, படகுத்துறையிலிருந்து முதியவர் ஒருவர் நடந்து போகிற தூரத்தில், கிழங்கும் மீன்கறியும் தீயலும் நம் வீட்டுப் பக்குவத்தில் கொடுக்கும் கடை தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.