ரீசெட் போட்டால் எழுத்து ஒன்றாகிவிடாது

"ரீசெட் சிஎஸ்எஸ் போட்டால் எல்லா பிரவுசரிலும் எழுத்து ஒரே மாதிரி வரும்" என்று சிலர் சொல்வது தவறு. ரீசெட் என்பது, பிரவுசர்கள் தாமாகவே வைக்கும் மார்ஜின் (வெளி இடைவெளி), பேடிங் (உள் இடைவெளி) போன்ற இயல்பு மதிப்புகளைச் சமன் செய்யும் சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) விதிகள் மட்டுமே. எழுத்தை வரையும் மென்பொருள் விண்டோஸில் டைரக்ட்ரைட், மேக்கில் கோர் டெக்ஸ்ட் என்று இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுவதால், ஒரே ஃபான்ட்கூட ஓரிடத்தில் தடித்தும் இன்னோரிடத்தில் மெலிந்தும் தெரியத்தான் செய்யும்.

லேஅவுட் இரண்டு மூன்று பிக்சல் இறங்குகிறதா? முதலில் சிஎஸ்எஸ்ஸில் லைன்-ஹைட்டை, அதாவது வரி உயரத்தைப் பாருங்கள். அது 'நார்மல்' என்றிருந்தால் வரி உயரம் அந்த ஃபான்ட்டின் அளவுகளிலிருந்தே வரும், ஆகவே கேட்ட ஃபான்ட் கிடைக்காமல் மாற்று ஃபான்ட் விழுந்தால் உயரமும் சேர்ந்து மாறும். 1.5 என்று எண்ணாகவே கொடுத்துவிடுங்கள். அப்புறம், உண்மையில் எந்த ஃபான்ட் வந்திருக்கிறது என்பதை பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, குரோமில் 'கம்ப்யூட்டட்' பகுதியின் அடியிலும், ஃபயர்பாக்ஸில் 'ஃபான்ட்ஸ்' தாவலிலும் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் ரீசெட்டை மாற்றி மாற்றிப் போடுவது வீண் வேலை.