பற்றரிக்கு ஆளை அழைக்கிறோம், மஞ்சள் சுடருக்கு ஊசியை எடுக்கிறோம்

மார்கழி தொடங்கி மாசி முடியும் வரை நுவரெலியா, கந்தப்பளை, லிந்துலைப் பக்கத்தில் காஸ் கீசர் (காஸை எரித்துக் குளிக்கும் நீரைச் சூடாக்கும் கருவி) பூட்டிய வீடுகளில் காலையில் எழும் முதல் கேள்வி, அது எரிகிறதா இல்லையா என்பதுதான். எரியாத அன்று அந்த வீடுகளில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யாரும் செய்துவிடக்கூடிய சின்ன வேலைக்கு நகரத்திலிருந்து ஆளை வரவழைத்து, ஆட்டோக் கூலியும் கொடுத்து, அரை நாள் காத்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவரைத் தவிர வேறு எவரும் கைவைக்கக் கூடாத வேலையையோ, தையல் ஊசியையும் பழைய பல்துலக்கியையும் எடுத்துக்கொண்டு தாங்களே முடித்துவிடுகிறார்கள். இதற்காக வீட்டுக்காரர்களை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன். எது வீட்டுக்காரரின் வேலை, எது பாஸின், அதாவது பழுதுபார்க்க வருபவரின், வேலை என்று விற்பவரும் சொல்வதில்லை, பொருத்துபவரும் சொல்வதில்லை.

கீசருக்குள் பெரிய மர்மம் எதுவும் இல்லை. குழாயைத் திறந்ததும் ஓடும் நீரின் அழுத்தம் உள்ளே ஒரு சவ்வைத் தள்ளுகிறது. அது காஸ் வால்வைத் திறப்பதோடு சுவிட்சையும் தட்டிவிடுகிறது. பற்றரியிலிருந்து தீப்பொறி பறந்து பர்னர் பற்றுகிறது. ஆகவே குழாயைத் திறந்தவுடன் காதைக் கொடுத்துக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். டிக் டிக் என்ற சத்தமே வரவில்லை என்றால் பற்றரி தீர்ந்திருக்கிறது, அல்லது நீரின் வேகம் போதவில்லை. சத்தம் பலமாக வந்தும் சுடர் பற்றவில்லை என்றால் காஸ் வந்து சேரவில்லை. அடியில் உள்ள சின்னப் பெட்டியைத் திறந்து இரண்டு பெரிய பற்றரிகளை மாற்றுவதற்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வலைச் சல்லடையை, காஸையும் தண்ணீரையும் பூட்டிவிட்டுக் கழற்றிக் கழுவுவதும் அப்படிப்பட்ட வேலைதான். பீலித் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கியிருக்கும் வீடுகளில் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மண்ணும் இலைத்துகளும் அந்தச் சல்லடையில்தான் வந்து அடைகின்றன.

நீரின் அழுத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசாததுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கீசரின் பக்கவாட்டு ஒட்டுத்தாளில் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அது 0.025 மெகாபாஸ்கல் என்றால், தாங்கியின் நீர்மட்டம் கீசரைவிட ஏறத்தாழ இரண்டரை மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொருள். ஒற்றைத் தட்டு வீட்டின் கூரையில் தாங்கியை வைத்துவிட்டு, அதற்கு நேர் கீழே சுவரின் உச்சியில் கீசரைப் பொருத்தினால் அந்த உயரம் எங்கிருந்து வரும்? எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் இதே கோளாறுக்கு, நகரத்துக் கடையொன்றிலிருந்து வந்தவர் ‘போர்ட் போய்விட்டது’ என்று சொல்லி, புதிய மின்சுற்றுப் பலகை மாற்றிக் காசும் வாங்கிக்கொண்டு போனார். கீசர் அதன் பிறகும் எரியவில்லை. கடைசியில் தாங்கிக்கு ஓர் இரும்புத் தாங்குசட்டம் அடித்து உயர்த்திய நாளிலிருந்துதான் எரிகிறது. அந்த மனிதர் நான்கு வரிகள் படித்திருந்தால் ஒரு தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துப் பணம் மிச்சமாகியிருக்கும்.

சிலிண்டர் விவகாரம் இதைவிட மோசம். சிலிண்டரில் கலந்திருக்கும் இரண்டு காஸ்களில் பியூட்டேன் கொதிக்கத் தொடங்குவது பூச்சியத்துக்கு அரைப் பாகை கீழே. புரொப்பேன் கொதிப்பது பூச்சியத்துக்கு 42 பாகை கீழே. 2021ஆம் ஆண்டின் இறுதியில் வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்தபோது இந்த இரண்டின் விகிதத்தைப் பற்றி நாடே பேசியது. ஆனால் புல்லின் மேல் உறைபனி படியும் மலைநாட்டுக் காலையில், பியூட்டேன் மிகுந்த சிலிண்டர் ஆவியாகத் திணறும் என்பதை இங்குள்ளவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நிமிடத்துக்கு ஆறு லீற்றர் கீசர் ஒன்று ஓடும்போது மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் காஸைக் குடிக்கும். சமையல் அடுப்பின் ஒரு பர்னரைவிட இது பல மடங்கு. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் 12.5 கிலோ சிலிண்டர் வியர்த்துச் சில்லிட்டு, சுடர் சுருங்கும்போது, சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள், குலுக்குகிறார்கள், கொதிநீரை அதன்மேல் ஊற்றுகிறார்கள். படுக்க வைத்த சிலிண்டரிலிருந்து திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். அது விளையாட்டல்ல. வெயில் ஏறும் வரை பொறுத்திருப்பதும், ஒரே நேரத்தில் அடுப்பையும் கீசரையும் ஓட்டாமல் இருப்பதும் போதும். போதாவிட்டால் இரண்டு சிலிண்டர்களை இணைப்பதற்கு உரிய ஆளைக் கூப்பிட வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் போனது காசும் நேரமும். இனிச் சொல்வதில் போவது உயிர், அதனால்தான் எனக்கு இவ்வளவு கொதிப்பு. நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்தால், கீசரின் முகத்தில் கரி படிந்தால், குளித்துவிட்டு வருபவருக்குத் தலைவலியும் கிறுகிறுப்பும் குமட்டலும் வந்தால், காஸ் சரியாக எரியவில்லை, காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு உண்டாகிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ காஸ் முழுமையாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். இரண்டு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் அகலமும் உள்ள ஒரு குளியலறையில் பத்து நிமிடம் கீசர் ஓடினால், அந்த அறையின் காற்றில் மூன்றிலொரு பங்களவு அதற்கே தேவைப்படுகிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலோ ஒரு கன மீற்றர் காற்றில் உள்ள ஒட்சிசன், கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இப்படிப்பட்ட ஊரில் புகைபோக்கிக் குழாய் இல்லாத கீசரைக் குளியலறைக்குள்ளேயே பூட்டுகிறார்கள். பிறகு குளிர் வருகிறது என்று காற்றுத் துவாரத்தில் பழைய துணியை அடைக்கிறார்கள்.

மஞ்சள் சுடரைக் காட்டினால் வந்தவர் என்ன சொல்கிறார்? ‘அது ஒன்றும் இல்லை, காஸ் அப்படித்தான்’ என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன்! குளிக்கப் போன பிள்ளை மயங்கினால் சாப்பிடாமல் போனதால் வந்த மயக்கம் என்கிறோம், பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறோம். கீசரை நினைத்துப் பார்ப்பதே இல்லை.

பிரித்தானியாவில் இருக்கும் எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே வீட்டைச் சூடாக்கும் பொய்லரின் நீரழுத்தம் குறைந்தால் வீட்டுக்காரரே அதை ஒன்று முதல் ஒன்றரை பார் வரை ஏற்றிக்கொள்ளலாம். உறைந்துபோன கழிவுநீர்க் குழாயில் வெதுவெதுப்பான நீரை ஊற்றலாம். ஆனால் காஸ் ஓடும் பாகத்தைத் திறக்க வேண்டும் என்றால், 2009 ஏப்ரல் முதல் காஸ் சேஃப் பதிவேட்டில் பெயருள்ளவர்தான் வர வேண்டும். வந்தவரின் அட்டையைக் கேட்டுப் பார்ப்பதும் அங்கே இயல்பு. வாடகை வீட்டுக்கு ஆண்டுதோறும் பரிசோதனையும் கட்டாயம். கோடு எங்கே இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். இங்கே குழாய் வேலைக்கு வந்த பைப் பாஸே கீசரையும் திறக்கிறார், நாம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

கடைக்காரர் சொல்லாத கோட்டை நானே சொல்கிறேன். பற்றரி, சல்லடை, சிலிண்டர் தீர்ந்ததா என்று பார்ப்பது, ஹோஸின் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்ப்பது, இவை நம்முடையவை. மஞ்சள் சுடர், கரி, பற்றும்போது பட்டென்று வெடிக்கும் சத்தம், திரும்பத் திரும்பத் தானாக அணைவது, நுரையில் குமிழ் எழுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் காஸ் வேலை பழகியவர் வரும்வரை தொடவே கூடாது. ஊசியால் பர்னர்த் துளையைக் குத்துவது துளையைப் பெரிதாக்கி நிலைமையைக் கெடுக்கும். காஸ் மணம் வந்தால், அது காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கி நிற்கும். எந்த மின்சுவிட்சையும் தொடாமல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். குளியலறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால் முதலில் திறந்த வெளிக்குத் தூக்கி வாருங்கள், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், குளியலறையில் காஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதை வைத்தியசாலையில் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் வைத்தியர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

விற்பவர்களுக்கு ஒன்று. புகைபோக்கி வேண்டிய கீசருக்கு அதன் குழாயையும் சேர்த்தே விலை சொல்லுங்கள், தனியாக விற்கும் உபரிப் பொருள் போலக் காட்டாதீர்கள். புகைபோக்கி இல்லாத வகையைக் குளியலறைக்கு வெளியே, காற்றோடும் சுவரில், மழை படாதபடி பொருத்திச் சுடுநீரை மட்டும் உள்ளே கொண்டு போகச் சொல்லுங்கள். ஏப்ரல் சீசனுக்கு அறை விடுபவர்கள் மார்ச் மாதத்திலேயே இதைச் செய்து முடிக்கட்டும். செய்ய வசதியில்லாதவர்கள் அந்த அறையின் கீசரைக் கழற்றிவிட்டு, வந்தவர்களுக்கு வாளியில் சுடுநீர் கொடுக்கட்டும்.