150 சி.சி. அதிகாரம்

கீத் ராபர்ட்ஸ் 1968-ல் எழுதிய 'பவேன்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'மதம் ஜெயித்திருந்தால் அறிவியல் செத்திருக்கும், அதுதானே கதை' என்று நம் ஆட்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு லேசான நாவல் இல்லை அது.

கதைப்படி, 1588-ல் எலிசபெத் ராணி கொல்லப்படுகிறார். இங்கிலாந்து ஸ்பெயின் கைக்குப் போகிறது. அப்புறம் ரோமில் இருக்கிற போப்பின் திருச்சபை வைத்ததுதான் சட்டம். இருபதாம் நூற்றாண்டிலும் சாலையில் சரக்கு இழுப்பது நீராவி வண்டிதான். பெட்ரோல் இன்ஜினுக்கு முழுத் தடை கிடையாது. 150 சி.சி.க்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான். (பைபாஸ் ரோட்டில் பறக்கிற புல்லட் ஒன்றுகூடத் தேறாது.) நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். அதிகாரம் 'கூடாது' என்று அடித்துச் சொல்வது அபூர்வம். 'இப்போதைக்கு இது போதும், மீதிக்குப் பொறு' என்றுதான் சொல்லும்.

நிஜ வரலாற்றில் மதுரைக்கும் இப்படி ஒரு கிளைக்கதை உண்டு. 1606-ல் இங்கே வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, காவி கட்டி, சைவம் சாப்பிட்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, தத்துவ போதகராக வாழ்ந்தார். 'பூணூலும் சந்தனமும் போட்டவன் கிறிஸ்தவனா?' என்று கூட இருந்த பாதிரியாரே புகார் எழுத, விவகாரம் ரோம் வரை போனது. கர்தினால் பெல்லார்மின் நொபிலிக்கு உறவுக்காரர். முதலில் கடிந்துகொண்டவர், பிறகு நொபிலி பக்கம் நின்றார். 1616-ல் கலிலியோவைக் கூப்பிட்டு, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தைக் கைவிடச் சொன்னவரும் அதே பெல்லார்மின்தான். அந்த வருஷம், அதே கருத்தைக் கலிலியோவுக்கு முன்பே எழுதிவைத்த கோப்பர்நிக்கஸின் புத்தகத்தையும் 'திருத்தும்வரை' என்று நிறுத்திவைத்தார்கள். நொபிலிக்கு 1623-ல் போப்பின் அனுமதி வந்துவிட்டது. கோப்பர்நிக்கஸின் புத்தகம் திருச்சபையின் தடைப்பட்டியலை விட்டு வெளியே வர 1835 ஆனது. ஒரே ஆபீஸ், இரண்டு ஃபைல். எது நகரும், எது தூங்கும் என்பதுதான் அதிகாரம்.

இதையெல்லாம் இவ்வளவு நுட்பமாகப் பிடித்த ராபர்ட்ஸ், கடைசியில் சறுக்கிவிட்டார் என்பேன். இயந்திரங்கள் என்னென்ன கொண்டுவரும் என்று திருச்சபைக்கு முன்பே தெரியுமாம், மனிதர்கள் பக்குவப்படட்டும் என்றுதான் தாமதப்படுத்தியதாம். நாஜி முகாம்கள் நடக்காமல் போயிற்றே என்று ஒரு சமாதானம் வேறு. சரி, அதே நாவலில் சமிக்ஞைக் கோபுரத்தில் வேலை பார்க்கிற ரேஃப் என்ற பையன் வருகிறான். மரக்கைகளை அசைத்து அசைத்துச் செய்தி அனுப்புகிற வேலை. பனிக்காலத்தில், ஆளில்லாத கோபுரத்தில், காட்டுப்பூனை குதறி, உதவிக்கு ஒருவரும் இல்லாமல் சாகிறான். பக்குவம் வரட்டும் என்று காத்திருந்தவர்களின் கணக்கில் அவன் எங்கே வருகிறான்?

தமிழில் யாராவது 'வரலாறு வேறு மாதிரி போயிருந்தால்' என்கிற இந்த வகை நாவலில் இறங்கினால், ஸ்பெயின், இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. 1623-ல் ரோம் நொபிலியிடம் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் மதுரை மிஷன் தாக்குப்பிடித்திருக்குமா? அது இல்லாமல் வீரமாமுனிவர் இந்தப் பக்கம் வந்திருப்பாரா? அவர் தந்த தமிழ் அகராதியான சதுரகராதியை வேறு யார் தொகுத்திருப்பார்கள்?