தண்டோராவுக்குப் போட்ட தடை

2020 ஜூன் கடைசியில் டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு முடக்கியபோது, தெருவில் 'தடை செய்துவிட்டார்கள்' என்று யாரும் பேசிக் கேட்கவில்லை. 'பேன் பண்ணிட்டாங்க' என்பதுதான் பேச்சு. (தலையில் ஊரும் பேனும் எழுத்தில் இப்படித்தான் வரும். என் குற்றமல்ல.)

நம் ஆங்கில அகராதிகள் பேன், ஃபர்பிட், புரோஹிபிட் மூன்றுக்கும் 'தடை செய்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. ராத்திரி போனைத் தொடக்கூடாது என்று அம்மா மகளிடம் சொன்னால் அது ஃபர்பிட். புரோஹிபிட் என்பது சட்டப் புத்தகமும் அறிவிப்புப் பலகையும் பேசுகிற லத்தீன். பேனுக்கு ஓர் அதிகாரம் வேண்டும், அந்த அதிகாரம் ஊரறியச் சொல்லவும் வேண்டும். காதும் காதும் வைத்தாற்போல ஒன்றைத் தடுத்துவைக்கலாம், பேன் செய்ய முடியாது.

சொல்லின் பிறப்பே அப்படி. பழைய ஆங்கிலத்தில் 'பன்னன்' என்றால் கூவி அழைப்பது, ஆணையைப் பறைசாற்றுவது. விலக்குவது, சபிப்பது என்ற பொருளெல்லாம் வடக்கேயிருந்து வந்த நார்ஸ் மொழிக்காரர்களின் 'பன்னா'விலிருந்து சேர்ந்தது. கூவுகிற பழைய பொருள் தேவாலயத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் படித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்களே, நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் 'ஓலை வாசிப்பு' என்பது, அதற்கு ஆங்கிலத்தில் 'பேன்ஸ்'. விலக்கும் கல்யாண அறிவிப்பும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

பேண்டிட் என்ற கொள்ளைக்காரனும் இதே குடும்பம்தான்: சட்டத்துக்குப் புறம்பானவன் என்று இத்தாலியில் அறிவிக்கப்பட்டவன். எனக்குப் பிடித்தது 'பனால்'. சலித்துப்போன, சப்பென்ற விஷயத்துக்கு ஆங்கிலத்தில் இன்று சொல்வது. பழைய பிரான்சில் குடியானவன் தன் கோதுமையைப் பண்ணைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அவர் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், இரண்டுக்கும் கூலியும் கொடுக்க வேண்டும். பிரபுவின் ஆணைக்குப் பெயர் 'பன்', அந்த ஆலை 'பனால்' ஆலை. ஊரே வந்து போகிற இடம் என்பதால் 'எல்லாருக்கும் பொது' என்றாகி, கடைசியில் 'சாதாரணம்' என்று தேய்ந்துபோனது. வயிற்றில் அடித்த ஒரு சொல் இப்போது சினிமா விமர்சனத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பொருளை, புத்தகத்தை, கட்சியைத் தடை செய்வது எங்கும் நடப்பது. நிறவெறிக் கால தென்னாப்பிரிக்கா ஆளையே பேன் செய்தது. 1950-இல் கம்யூனிச ஒடுக்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன் கீழ் பேன் செய்யப்பட்டவர் குறிப்பிட்ட வட்டாரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக்கூடாது, அவர் சொன்ன எதையும் பத்திரிகை மேற்கோள் காட்டக்கூடாது. வழக்கு, விசாரணை எதுவும் தேவையில்லை, அமைச்சரின் உத்தரவு போதும். நிறவெறியை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பீகோவை 1973-இல் இப்படித்தான் கிங் வில்லியம்ஸ் டவுனில் முடக்கினார்கள். 1977-இல் அவர் போலீஸ் காவலில் இறந்தார். 'பேன்டு' என்பது அந்த நாட்டில் ஒரு மனிதரின் பெயருக்கு முன்னால் ஒட்டும் அடைமொழியாகவே இருந்தது.

அங்கே அறிவிப்புக்குப் பின்னால் போலீஸ் வாசலில் நின்றது. நம் ஊரில் பெரும்பாலும் அறிவிப்பு மட்டும்தான் நிற்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இன்னொரு முறை கூவவேண்டி வந்தது. பூக்கடையிலும் மீன் சந்தையிலும் இன்றும் கேரி பேக்தான். பழைய ஆங்கிலக்காரன் இதைப் பார்த்தால் 'பன்னன்' சரியாகத்தான் நடந்திருக்கிறது, அறிவித்தாயிற்றே என்பான்.

நம்மிடம் அந்தச் சொல்லின் அசல் பொருளுக்கு நேர் நிகராக இருந்தது தண்டோரா. அதைப் போடக்கூடாது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் அனுப்பினார். தண்டோரா போடுகிற வேலை யார் தலையில் விழுந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தடையில் எனக்கு முழுச் சம்மதம்.