எக்செல்ல ஒரு காதல் கதை

(லஞ்ச் டைம். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் செல்வி அக்காவும், தன்னைத்தானே ரைட்டர்னு கூப்பிட்டுக்கற குமாரும். ஆபீஸ்ல வேற யாரும் அவன அப்படி கூப்பிடறதில்ல.)

குமார்: அக்கா முடிவு பண்ணிட்டேன், வேலைய விடறேன், ராஜினாமா லெட்டர் கூட ரெடி, ஒரு தடவ படிச்சு பாத்து சொல்லுங்க.

அக்கா: (மூணு பக்கமும் படிச்சுட்டு) நல்லாருக்குடா தம்பி, ரெண்டாவது பக்கத்துல எனக்கே தொண்ட அடச்சுருச்சு. சரி, நாவல் எங்க?

குமார்: நாவல்... இருக்கு, ஆனா ஒரு மாதிரி இருக்குக்கா. இங்கயேதான் எழுதிட்டு இருந்தேன், எக்செல்ல, கட்டத்துக்கு ஒரு வரி. மேனேஜர் பின்னாடி வந்து நின்னாலும் ஏதோ ரிப்போர்ட்னு நெனச்சுட்டு போயிருவாரு. போன வாரம் கை தவறி, வரிசைப்படுத்தற "சார்ட்" பட்டன அமுக்கிட்டேன், கதை மொத்தமும் அகர வரிசைல நிக்குது.

அக்கா: அட கடவுளே.

குமார்: "அழாதே"ங்கற வரி முதல்ல வந்துருச்சு, "வணக்கம், நீங்க யாரு"ங்கறது கிட்டத்தட்ட கடைசில. கதை பூரா அவள தேத்திட்டு அப்புறமா யாருன்னு கேக்கறான்.

அக்கா: அண்டூ குடுக்க வேண்டியதுதான?

குமார்: பதட்டத்துல சேவ் பண்ணி மூடிட்டேன். ஃப்ரெண்டு ஒருத்தன் படிச்சுட்டு ரொம்ப நவீனமா இருக்கு, கை வெக்காதன்னு சொல்றான்.

அக்கா: முதல்ல ஆபீஸ் லேப்டாப்ல எழுதறத நிறுத்து. வேலை நேரத்துல கம்பெனி பொருள வச்சு செஞ்சதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம்னு நிறைய இடத்துல அப்பாயின்ட்மென்ட் லெட்டர்லயே ஒரு பிரிவு இருக்கும், படிச்சியா?

குமார்: சம்பளம் எவ்ளோங்கற வரி வரைக்கும் படிச்சேன்.

அக்கா: நாளைக்கு உன் ஹீரோயின கம்பெனி சொத்துன்னு லிஸ்ட்ல ஏத்த சொன்னா நான் ஏத்திருவேன், வருஷா வருஷம் தேய்மானமும் கழிப்பேன்.

குமார்: அதனாலதான் விடறேங்கறேன், எழுத்துன்னா முழு நேரம் வேணும்க்கா.

அக்கா: ட்ரோலப்னு ஒரு ஆளு, இங்கிலாந்துல தபால் துறைல 33 வருஷம் வேலை பாத்துட்டு 1867லதான் விட்டாரு, மொத்தம் 47 நாவல். காலைல அஞ்சரைக்கு வாட்ச எதிர்ல வச்சுட்டு உக்காந்தா கால் மணிக்கு 250 வார்த்தை. நீ அவ்ளோலாம் வேணாம், தினம் 300 வார்த்தை எழுது, சனி ஞாயிறு லீவு எடுத்துக்க, வருஷக் கடைசில 75,000 தாண்டிரும்.

குமார்: உங்களுக்கு எப்படிக்கா இவரெல்லாம்?

அக்கா: தன் புத்தகம் ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ வந்துச்சுன்னு சுயசரிதைல பென்ஸ்ங்கற சில்லறைக் காசு வரைக்கும் கணக்கு காட்டி டோட்டல் போட்ட மனுஷன்டா, எனக்கு அவர்மேல ஒரு மரியாதை.

குமார்: அது அந்தக் காலம்.

அக்கா: சரி, பிலிப் கிளாஸ்னு அமெரிக்க இசையமைப்பாளர், அவர எடுத்துக்க. 1976ல நியூயார்க்ல மெட்ரோபாலிட்டன் ஆபரா ஹவுஸ்ல அவரோட ஆபரா, அதான் பாட்டாவே நடக்கற நாடகம், போட்டாங்க, டிக்கெட் எல்லாம் தீந்துச்சு, ஆனா நடத்துன செலவுல கடன்தான் மிச்சம், மறுபடியும் டாக்ஸி ஓட்ட போனாரு.

குமார்: எனக்கு கியர் வண்டி ஓட்ட தெரியாதேக்கா.

அக்கா: அதான் சம்பளம் வருதேடா! சரி போன வருஷம் எழுத்துல உனக்கு வரவு எவ்ளோ?

குமார்: ரெண்டு கதை கேட்டு வாங்கினாங்க. பணம் இல்ல, விசிபிலிட்டி தரேன்னாங்க, நாலு பேருக்கு என் பேர் தெரியுமாம்.

அக்கா: அத எந்தக் கணக்குத் தலைப்புல எழுதறது? பாரு, இப்ப சம்பளம் இருக்கறதால இப்படி கேக்கறவங்கள போடான்னு சொல்லலாம், எழுத்துல வர்றத தனி அக்கவுண்ட்ல போட்டு, ஒரு நல்ல மாசத்த பாத்து ஏமாறாம முழு வருஷ சராசரிய பாத்து, ஆறு மாச செலவுக்கு கையிருப்பும் சேந்தப்புறம் விடறத பத்தி பேசு. இப்பவே விட்டா அடுத்த மாச வாடகைக்கு பாத்ரூம் டைல்ஸ் விளம்பரத்துக்கு கவிதை எழுதுவ.

குமார்: டைல்ஸ்காரங்க எவ்ளோ தருவாங்க?

அக்கா: (முறைக்கிறார்.)

குமார்: சரி சரி விடல. ஆனா அஞ்சரைக்கு எந்திரிக்கறது நம்ம உடம்புக்கு ஒத்து வராதுக்கா, அந்த ட்ரோலப் எப்படித்தான் எந்திரிச்சாரோ.

அக்கா: அவரா எங்க எந்திரிச்சாரு, எழுப்பி விடறதுக்குன்னே வேலைக்காரருக்கு வருஷம் 5 பவுண்டு தனியா குடுத்தாரு.

குமார்: அப்போ நீங்க எழுப்புங்கக்கா! தினம் ஒரு போன் அடிச்சா போதும்.

அக்கா: அடிக்கறேன். எவ்ளோ தருவ?

குமார்: காசு இல்லக்கா. புத்தகத்துல நன்றின்னு ஒரு பக்கம் வரும்ல, அதுல உங்க பேர பெருசா போடறேன், உங்களுக்கும் ஒரு விசிபிலிட்டி...

அக்கா: அதெல்லாம் வாங்கிக்க நான் என்ன ரைட்டராடா?