மன்னிக்கும் உரிமை யார் கையில்?

ஏமனில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கேரளச் செவிலியரைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் "காட்டுமிராண்டிச் சட்டம்" என்கிறது. இன்னொரு பக்கம், "பறிகொடுத்த குடும்பமே மன்னிக்கலாம் என்கிற சட்டம் வேறெங்கே உண்டு?" என்று கேட்கிறது. அந்தச் சட்டம் நீதிமன்றத்துக்குள் எப்படி நடக்கிறது என்று இரு தரப்புமே பார்ப்பதில்லை. அதைப் பார்க்க ஏமனைவிடப் பாகிஸ்தான்தான் சரியான இடம். நாம் 2024 வரை வைத்திருந்த அதே 1860 தண்டனைச் சட்டம்தான் அங்கேயும். கொலைக்கு அங்கேயும் 302தான். அதற்குள்தான் ஷரீஅத் பிரிவுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் அமர்வு ஒரு தீர்ப்புச் சொன்னது. கொலையுண்டவரின் வாரிசுகளுக்கு மன்னிக்க இடம் தராத பழைய பிரிவுகள் இஸ்லாத்துக்கு முரணானவை என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே கிஸாஸ், தியத் அவசரச் சட்டம் வந்தது. கிஸாஸ் என்றால் உயிருக்கு உயிர். தியத் என்பது நம் செய்திகளில் வரும் குருதிப் பணம். குறைந்தபட்சம் 30,630 கிராம் வெள்ளியின் மதிப்பு என்று சட்டமே அளவு வைத்திருக்கிறது. அவசரச் சட்டத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டி, 1997இல் நிரந்தரமாக்கினார்கள்.

மன்னிப்பு என்ற எண்ணத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரு கொலைக்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்த குலங்களுக்கு நடுவே, பழியை அத்தோடு நிறுத்து, மன்னித்தால் அது இறைவன் தந்த சலுகை என்கிறது குர்ஆனின் பகரா அத்தியாயம். அந்த இடத்தில் அது பெரிய கருணை. ஆனால் கொன்றவன் ஒரு குலம், செத்தவன் வேறொரு குலம் என்றால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். கொன்றவன் அண்ணன், செத்தவள் தங்கை, மன்னிக்க வேண்டியவர் அப்பா என்றால்?

1999 ஏப்ரல், லாகூர். கணவனின் கொடுமை தாங்காமல் விவாகரத்துக் கேட்டு வந்திருந்த சாமியா சர்வார், வழக்கறிஞர் ஹினா ஜிலானியின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவைத் தவிர யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அம்மா வருகிறார், கூடவே ஓர் ஆள். நடக்க முடியவில்லை, தாங்கிப் பிடிக்க அழைத்து வந்தேன் என்கிறார். அந்த ஆள் துப்பாக்கியை எடுத்துச் சாமியாவைத் தலையில் சுட்டான். அம்மா ஒரு மருத்துவர். அப்பா பெஷாவர் வணிகர் சங்கத்தின் தலைவர். சுட்டவன் அங்கேயே காவலரின் குண்டுக்குச் செத்தான். திட்டம் போட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட குடும்பத்தார் யாருக்கும் தண்டனை இல்லை. அவர்களேதான் வாரிசுகள், அவர்களேதான் மன்னிக்கிறவர்கள். செனட்டில் ஒரு கண்டனத் தீர்மானம்கூட நிறைவேறவில்லை. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

குடும்பத்துக்கு வெளியே நடந்த கொலையில் மட்டும் ஒழுங்காக நடக்கிறதா? 2012 டிசம்பரில் கராச்சியில் ஷாஜேப் கான் என்ற இருபது வயது மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றவாளி பெரும் பணக்கார நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. தூக்குத் தண்டனை தீர்ப்பான நாளில் அவன் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு போனான். சில மாதங்களில் ஷாஜேபின் பெற்றோர் மன்னித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தந்தை ஒரு போலீஸ் அதிகாரி. அவராலேயே தாக்குப்பிடிக்க முடியவில்லை என்றால் கூலிக்காரன் எந்த மூலை? 2022இல் உச்ச நீதிமன்றம் குற்றவாளிகளை விடுதலை செய்தது.

சரி, ஷரீஅத் என்றாலே இப்படித்தானா? இல்லை. சவூதியில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கோழிக்கோட்டுக்காரர் ஒருவருக்காக 2024இல் மலையாளிகள் 34 கோடி ரூபாய் திரட்டியது நினைவிருக்கும். பறிகொடுத்த குடும்பம் பணத்துக்கு ஒப்புக்கொண்டது, மரண தண்டனை ரத்தானது. ஆனால் அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. குடும்பத்தின் உரிமை வேறு, சமூகத்தின் பொது உரிமை வேறு என்று சொல்லி, 2025இல் அந்நாட்டு நீதிமன்றம் 20 ஆண்டுச் சிறை விதித்தது. ஏற்கெனவே சிறையில் கழித்த காலமும் அதில் சேரும். ஃபிக்ஹ் என்னும் இஸ்லாமியச் சட்ட நூல்களில் தஃஸீர் என்பது இதுதான், அரசு தன் பொறுப்பில் தரும் தண்டனை. பாகிஸ்தானில் நடைமுறையில் கொலைத் தண்டனைகள் பெரும்பாலும் இந்தத் தஃஸீர் பிரிவில்தான் விழுகின்றன. அப்படியிருந்தும் குடும்பம் ராஜியாகிப் போய் அதையும் ஒன்றுமில்லாமல் ஆக்கலாம் என்று 338-ஈ பிரிவில் வழி வைத்துவிட்டார்கள். அதன் பிறகும் தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு, கட்டாயம்தான் இல்லை.

இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் வங்காளத்தில் குற்றவியல் சட்டம், இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி சட்டம்தான். நம் சென்னை மாகாண நீதிமன்றங்களிலும் காஜியும் முஃப்தியும் உட்கார்ந்து ஃபத்வா சொன்னார்கள். 1790இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வாரிசுகளின் மன்னிக்கும் உரிமையை எடுத்துவிட்டார். கம்பெனியின் நோக்கம் அதிகாரத்தைத் தன் கையில் குவிப்பது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கொலை என்பது குடும்ப விவகாரம் அல்ல என்ற நிலை அங்கே வந்தது. சரியாக 200 ஆண்டு கழித்துப் பாகிஸ்தான் அந்த மன்னிக்கும் உரிமையை வாரிசுகளுக்கே திருப்பிக் கொடுத்தது.

2016 ஜூலையில் சமூக ஊடகப் பிரபலம் கந்தீல் பலூச்சை முல்தானில் அவர் தம்பியே கழுத்தை நெரித்துக் கொன்றார். நாடே கொதித்தது. அந்த அக்டோபரில் புதுச் சட்டம் வந்தது: கௌரவக் கொலை என்றால் குடும்பம் மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உறுதி. நல்ல சட்டம்தான், ஆனால் ஓட்டையோடு வந்தது. கௌரவத்துக்காகத்தான் கொன்றான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். வேறு ஏதோ வீட்டுத் தகராறு என்று வீட்டார் சொல்லி அது எடுபட்டால் பழைய வழி திறந்துகொள்ளும். கந்தீலின் தம்பிக்கு 2019இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2022 பிப்ரவரியில் லாகூர் உயர் நீதிமன்றம் அவரையும் விடுவித்தது.

கொன்றவரும் மன்னிப்பவரும் ஒரே குடும்பம் என்றால், காரணம் எதுவானாலும் அந்த மன்னிப்பு செல்லக் கூடாது. மற்ற வழக்குகளில் மன்னிப்பு தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றட்டும், சிறையிலிருந்து காப்பாற்ற வேண்டாம். இதற்கு ஷரீஅத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தஃஸீரில் ராஜிக்கு இடமில்லை என்று 338-ஈ பிரிவைத் திருத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.